'ஏன்' என்னும் வினா: தொழிற்கூடத் தகவல் பரிமாற்றத்தில் நிறுவனப் பண்பாடு

1. முன்னுரை

ஒரு நிறுவனத்தினுள் பணிபுரிவோர் தம்முள் நிகழ்த்தும் கருத்துப் பரிமாற்றம் பல வடிவங்களில் அமைகிறது. சுற்றறிக்கை, அறிவிப்புப் பலகை, குறிப்பாணை, ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் அடுத்தவரிடம் சொல்லிச் செல்லும் செய்தி, இயந்திரப் பழுதுக் குறிப்பேடு, மேற்பார்வையாளரின் வாய்மொழிக் கட்டளை ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். இப்பரிமாற்றத்தில் நிறுவனப் பண்பாட்டின் பங்கு யாது என்பதை மேலாண்மையியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்தம் எழுத்துகளில் 'திறந்த மனம்', 'குழு உணர்வு', 'இருவழித் தொடர்பு' போன்ற தொடர்கள் மிகுதி. ஆனால் அப்பரிமாற்றம் எந்த மொழியில், எந்தத் தொடரமைப்பில், எந்த வினைவடிவத்தில் நிகழ்கிறது என்பது பற்றிய செய்தி குறைவு. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பணி அங்கேதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கோவைப் பகுதியிலுள்ள வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றின் படிவங்களைத் தமிழில் திருத்தித் தரும் பணி இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. அவற்றுள் ஒன்று, இயந்திரம் பழுதுற்றால் அதன் மூல காரணத்தைக் கண்டறிவதற்கான தாள். மேலிருந்து கீழாக ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் இடப்புறத்திலும் 'ஏன்?' என்று அச்சிடப்பட்டிருந்தது. நிரப்பப்பட்ட பழைய தாள்களைப் புரட்டியபோது, பலவற்றில் முதலிரு கட்டங்களே நிரம்பியிருந்தன. இரண்டாம் கட்டத்தில் 'கவனக்குறைவு' என்றோ 'இனிமேல் இப்படி நடக்காது' என்றோ எழுதிக் கையொப்பமிடப்பட்டிருந்தது. காரணம் கேட்ட தாளுக்கு மன்னிப்பு விடையாக வந்திருந்தது.

அத்தாளின் மொழிபெயர்ப்பில் அகராதிப்படி பிழை ஏதுமில்லை. மூலத்தில் இருந்த வினாச்சொல்லுக்கு நேரான தமிழ் வினாச்சொல்லே இடப்பட்டிருந்தது. ஆயினும் அத்தாள் தன் பணியைச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதை விளக்குவதும், அதன் வழியாகத் தொழிற்கூட மொழிபெயர்ப்பின் இயல்பைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

2. நிறுவனப் பண்பாடு: ஒரு மொழியியல் விளக்கம்

தொழிற்கூடத்திற்கும் பண்பாடு உண்டு என்னும் கருத்தை நூலளவில் விரித்துரைத்த தொடக்ககால ஆய்வாளர்களுள் எலியட் ஜாக்ஸ் குறிப்பிடத்தக்கவர். இலண்டனில் இயங்கிய கிளேசியர் உலோகத் தொழிற்சாலையை ஆராய்ந்து 1951இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு தொழிற்கூடத்தில் உள்ளோர் பொதுவாகப் பகிர்ந்துகொள்வதும் புதிதாக வருவோர் கற்றுக்கொண்டே ஆக வேண்டியதுமான எண்ணமுறைகளையும் செயல்முறைகளையும் அதன் பண்பாடு எனக் கொண்டது. 1985இல் எட்கர் ஷைன் இக்கருத்தை மூன்று அடுக்குகளாகப் பகுத்தார். கண்ணுக்குப் புலனாகும் வடிவங்கள் முதல் அடுக்கு. வெளிப்படையாகக் கூறப்படும் விழுமியங்கள் இரண்டாம் அடுக்கு. கூறப்படாமலே உறைந்திருக்கும் அடிப்படை நம்பிக்கைகள் மூன்றாம் அடுக்கு.

மொழி இம்மூன்று அடுக்குகளிலும் செயற்படுகிறது. ஒரு தொழிற்சாலையின் வாயிலருகே கருத்துப் பெட்டி ஒன்று தொங்குகிறது எனக் கொள்வோம். பெட்டி முதல் அடுக்கைச் சார்ந்தது. அதன்மேல் எழுதப்பட்டுள்ள 'உங்கள் கருத்துகளை அச்சமின்றித் தெரிவியுங்கள்' என்னும் தொடர் இரண்டாம் அடுக்கைச் சார்ந்தது. சென்ற ஆண்டு அப்பெட்டியில் குறை எழுதிப் போட்டவர் எந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்பதை அங்குள்ளோர் அனைவரும் அறிந்திருப்பது மூன்றாம் அடுக்கு. பெட்டியின்மேல் உள்ள தொடரின் பொருளை இறுதியில் உறுதிசெய்வது இந்த மூன்றாம் அடுக்கே.

யார், யாரிடம், எவ்விடத்தில், எதை, எவ்வடிவில் பேசலாம் என்னும் அறிவும் மொழியறிவின் பகுதியே என்று 1960களிலிருந்து டெல் ஹைம்ஸ் வலியுறுத்தினார். அவ்வழியில் நோக்கினால், நிறுவனப் பண்பாடு என்பது ஒரு பணியிடத்தில் எவ்வகைப் பேச்சுச்செயல் யாருக்கு உரியது என்பது பற்றிய எழுதப்படாத இலக்கணம் எனலாம். கட்டளை இடுவது யார், ஐயம் எழுப்புவது யார், 'முடியாது' என்று சொல்ல உரிமை உடையவர் யார், கெட்ட செய்தியை மேலே கொண்டுசெல்வது யார் என்பவற்றை அவ்விலக்கணம் வகுக்கிறது.

பணிவு மொழி பற்றிப் பிரௌனும் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு 1987இல் விரிவாக்கிய ஆய்வு தமிழ் மொழியியலார்க்கு நன்கு அறிமுகமானது. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளுள் கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழும் ஒன்று. பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலுள்ள அதிகார வேறுபாடு, நெருக்கம் அல்லது விலகல், சொல்லப்படும் செய்தியின் சுமை ஆகிய மூன்றும் கூடக்கூடப் பேச்சு மறைமுகமாகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இயந்திரம் பழுதாகிவிட்டது என்னும் செய்தியைத் தொழிலாளி மேலாளரிடம் சொல்லும்போது மூன்றும் ஒருங்கே உச்சத்தில் உள்ளன. எனவே தொழிற்கூடத்தில் மிகத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டிய செய்தியே மிக மறைவாகச் சொல்லப்படும் நிலையில் இருக்கிறது.

3. தொழிற்கூடத்தின் மூன்று வழக்குகள்

இந்தியத் தொழிற்கூடங்களில் எழுத்துவழித் தொடர்பின் மொழியைச் சட்டமே வரையறுத்து வந்தது. 1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டம், சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் நுழைவாயிலிலோ அதன் அருகிலோ தனிப் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும் என்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவும் அறிவிப்புகளுக்கு அவ்வாறே இருமொழி முறையை விதித்தது. இச்சட்டங்களின் இடத்தை 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எடுத்துக்கொண்டன. ஆயினும் முக்கால் நூற்றாண்டுக் காலம் தொழிற்கூடத் தமிழ் உருவானது அப்பழைய சட்டங்களின் நிழலில்தான்.

சட்டம் எந்த மொழி என்று கூறியதே தவிர அம்மொழியின் எந்த வழக்கு என்று கூறவில்லை. இரட்டை வழக்கு நிலவும் தமிழில் இது சிறு செய்தியன்று. தமிழகத் தொழிற்கூடம் ஒன்றில் பொதுவாக மூன்று வழக்குகளைக் காண்கிறோம். முதலாவது, மேலாளர் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஆங்கிலம். இரண்டாவது, அதிலிருந்து பெயர்க்கப்பட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் எழுத்துத் தமிழ். மூன்றாவது, ஷிஃப்ட், ஓட்டி, மெமோ, லைன், ரிஜெக்ட் போன்ற கடன்சொற்கள் தமிழ் வினைகளோடு இயல்பாகக் கலந்து வழங்கும் பேச்சுத் தமிழ்.

பின்வரும் இரு தொடர்களை ஒப்பிட்டு நோக்குக.

அ. மேற்படி இயந்திரத்தில் ஏற்படும் பழுது குறித்த விவரம் உடனடியாக மேற்பார்வையாளரின் கவனத்திற்குக் கொண்டுவரப்பட வேண்டும்.

ஆ. மெஷின் நின்னா உடனே சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிடுங்க.

இரண்டும் தரும் செய்தி ஒன்றே. ஆனால் 'அ' தொடரில் பேசுவோரும் இல்லை, கேட்போரும் இல்லை. கவனத்திற்குக் கொண்டுவர வேண்டியவர் யார் என்பது செயப்பாட்டுவினையில் மறைந்துவிட்டது. 'ஆ' தொடரில் ஏவலும் மரியாதை விகுதியும் இருப்பதால் சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர், அவர்களுக்கிடையே ஓர் உறவு என மூன்றும் புலனாகின்றன.

இவற்றுள் எழுத்துத் தமிழின் நிலை சிறப்பாகக் கருதத்தக்கது. தொழிலாளி தன் பணிக்காலத்தில் நிறுவனத்திடமிருந்து தன் பெயருக்கு எழுத்துத் தமிழில் மடல் பெறும் தருணங்கள் சில. நியமனம், ஊதிய உயர்வு, குறிப்பாணை, விசாரணை அறிவிப்பு என அவற்றை எண்ணிவிடலாம். குறிப்பாணையின் வாய்பாடு நாம் அனைவரும் அறிந்ததே: உங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தைக் குறித்த நாட்களுக்குள் எழுத்துமூலம் அளிக்கவும். நிறுவனத்தின் எழுத்துத் தமிழில் 'ஏன்' என்னும் சொல் தொழிலாளியை நோக்கி நேராக எழுவது பெரும்பாலும் இந்த ஒரு வாய்பாட்டில்தான். இச்செய்தியை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

4. ஜப்பானிலிருந்து வந்த சொற்கள்

இந்திய நிறுவனங்களின் அகத் தகவல் தொடர்பில் 1980களிலிருந்து ஒரு புதிய செல்வாக்குத் தோன்றியது. மாருதி உத்யோக் நிறுவனம் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு கூட்டாகக் குர்கானில் 1983இல் கார் உற்பத்தியைத் தொடங்கியபோது, மேலாளரும் தொழிலாளரும் ஒரே சீருடை அணிவதும் ஒரே உணவகத்தில் உண்பதும் புதுமைகளாகப் பேசப்பட்டன. தமிழகத்தில் சென்னையை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பானில் 1951 முதல் வழங்கப்பட்டுவரும் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. கைசென், ஐந்து எஸ், போக்கா யோக்கே போன்ற சொற்கள் தமிழகத் தொழிற்கூடச் சுவர்களில் இடம்பெற்றது இப்பின்னணியில்தான்.

இச்சொற்கள் ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் வந்தவை. இரு கை மாறி வந்த சொல்லில் எது தங்கியது, எது உதிர்ந்தது என்பதை மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டும். இரு எடுத்துக்காட்டுகள் ஈண்டுத் தரப்படுகின்றன.

முதலாவது 'ஹோரென்ஸோ'. யாமாதானே பங்குப் பரிவர்த்தனை நிறுவனத்தின் தலைவராக இருந்த யாமாசாகி தோமிஜி 1980களில் பரப்பிய சொல் இது. ஹோக்கோக்கு, ரென்ராக்கு, ஸோதான் என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. பசலைக்கீரையைக் குறிக்கும் சொல்லோடு ஒலியொப்புமை உடையதால் ஜப்பானியர் நினைவில் எளிதாகத் தங்கியது. இம்மூன்றும் முறையே ஒப்படைக்கப்பட்ட பணியின் நிலையை மேலிருப்பவர்க்கு அறிவித்தல், தொடர்புடைய அனைவர்க்கும் செய்தி தெரிவித்தல், முடிவெடுக்கும் முன் கலந்து கேட்டல் என்னும் பொருளன. மூன்றையும் சேர்த்துத் 'தகவல் தெரிவித்தல்' எனத் தமிழில் பெயர்த்தால் பிழை என எவரும் கூறார். ஆனால் மூன்றாவதான ஸோதான் அதில் கரைந்து மறைந்துவிடுகிறது. 'எனக்குத் தெளிவாகவில்லை, என்ன செய்யலாம்?' என்று கீழிருப்பவர் மேலிருப்பவரைக் கேட்கும் உரிமையே ஸோதான். தெரிவித்தல் கடமை, கலந்து கேட்டல் உரிமை. கடமையை மட்டும் பெயர்த்து உரிமையை விட்டுவிடும் மொழிபெயர்ப்பு, நிறுவனப் பண்பாட்டின் பாதியை எல்லையிலேயே நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது 'போக்கா யோக்கே'. ஓர் உதிரிப் பாகத்தைத் தவறான பக்கமாகப் பொருத்த இயலாதவாறு கருவியின் அமைப்பிலேயே தடை ஏற்படுத்துவது இம்முறை. இதற்கு முன்னர் வழங்கிய பெயர் 'பாக்கா யோக்கே'. பாக்கா என்றால் முட்டாள். யோக்கே என்றால் விலக்குதல், தடுத்தல். 1963இல் அரக்கவா மோட்டார்வாகனத் தொழிற்சாலையில் இத்தகைய தடுப்புச் சாதனத்தை முட்டாள்தனத்தைத் தடுக்க வந்தது என்று விளக்கியபோது, அங்குப் பணிபுரிந்த பகுதிநேரப் பெண் தொழிலாளி ஒருவர் தாம் அவ்வளவு முட்டாளா எனக் கேட்டு அழுதார் என்று தொழில்முறைப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ பதிவு செய்துள்ளார். அதன்பின் அவர் 'பாக்கா' என்பதை 'போக்கா' என மாற்றினார். போக்கா என்பது கோ, ஷோகி ஆகிய பலகை ஆட்டங்களில், ஆடத் தெரிந்தவரே கவனம் பிசகிச் செய்துவிடும் தவற்றைக் குறிக்கும் சொல். கருவி மாறவில்லை, அதன் அமைப்பும் மாறவில்லை. ஓர் உயிர்மெய்யே மாறியது. ஆனால் பிழையின் இருப்பிடம் மனிதரிலிருந்து நிகழ்வுக்கு நகர்ந்தது.

இச்சொல்லைத் தமிழில் பெயர்ப்போர்க்கு ஆங்கிலம் வழிகாட்டாது. ஆங்கிலத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல்லிலும் முட்டாள் என்னும் பொருளே உறைந்துள்ளது. ஆனால் தமிழிலேயே தகுந்த சொல் காத்திருக்கிறது. 'கை தவறி விழுந்துவிட்டது' என்கிறோம். இங்குத் தவறு என்னும் வினைக்கு எழுவாய் கை, மனிதர் அல்லர். 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்னும் பழமொழியில் சறுக்குவது அடி, ஆனை அன்று. பிழையை மனிதரின் இயல்பாகக் கொள்ளாமல் உறுப்பின் கணநேர நிகழ்வாகக் கொள்ளும் வழி நம் மொழியில் முன்பே உண்டு. 'கைப்பிசகுத் தடை' என்னும் தொடர் 'பிழையற்ற உற்பத்தி ஏற்பாடு' என்பதினும் மூலத்தின் நோக்கத்திற்கு நெருங்கியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

5. ஐந்து 'ஏன்'

முன்னுரையில் கூறிய தாளும் இதே வழியில் வந்ததே. டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையான தாயிச்சி ஓனோ 1978இல் ஜப்பானிய மொழியில் எழுதிய நூல் 1988இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒரு சிக்கலைக் கண்டவுடன் 'ஏன்' என்னும் வினாவை ஐந்து முறை தொடர்ந்து எழுப்ப வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய நெறி. அவர் தரும் எடுத்துக்காட்டின் சாரத்தை நம் சொற்களில் பின்வருமாறு கூறலாம்.

ஓர் இயந்திரம் நின்றது. ஏன்? பளு மிகுந்து ஃபியூஸ் எரிந்தது. பளு ஏன் மிகுந்தது? பேரிங்கில் போதிய எண்ணெய் ஏறவில்லை. எண்ணெய் ஏன் ஏறவில்லை? பம்ப் சரியாக இறைக்கவில்லை. பம்ப் ஏன் இறைக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்து ஆடியது. தண்டு ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாமையால் உலோகத் துகள் உள்ளே புகுந்தது.

முதல் விடையோடு நின்றிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் பணியைத் தொடர்ந்திருப்பர். சில வாரங்களில் இயந்திரம் மீண்டும் நின்றிருக்கும். ஐந்தாம் விடையே வடிகட்டி பொருத்தச் சொல்கிறது.

இவ்விடைகளின் வினைகளை மொழியியல் நோக்கில் காண்க. நின்றது, எரிந்தது, ஏறவில்லை, தேய்ந்தது, புகுந்தது என நிகழ்வுகள் ஒன்றையொன்று ஈன்று செல்கின்றன. இடையில் மனிதர் எவரும் இல்லை. சங்கிலியின் இறுதியில் 'வடிகட்டி இல்லாமையால்' என்னும் தொடர் வருகிறது. அதனை மேலும் ஒரு படி நகர்த்தினால் 'வடிகட்டியைப் பொருத்தவில்லை' என்றாகும். அங்குதான் முதன்முறையாக ஒரு செய்வோன் தேவைப்படுகிறான். அவன் இயந்திரத்தை ஓட்டிய தொழிலாளி அல்லன். அதனை வடிவமைத்தவரோ, பராமரிப்புத் திட்டம் வகுத்தவரோ, வடிகட்டி வாங்க வேண்டாம் என முடிவெடுத்தவரோ ஆவார். ஐந்து ஏன் என்பது கீழிருந்து தொடங்கி மேலே ஏறும் வினா. அதன் பயன் முழுவதும் இந்த ஏற்றத்தில் உள்ளது.

6. 'ஏன்', 'எதனால்': தன்வினையும் பிறவினையும்

தமிழில் 'ஏன்' என்னும் வினா காரணம், நோக்கம் ஆகிய இரண்டையும் கேட்கும். 'மழை ஏன் பெய்யவில்லை?' என்னும்போது காரணமும், 'நேற்று ஏன் வந்தாய்?' என்னும்போது நோக்கமும் கேட்கப்படுகின்றன. 'எதனால்' என்பதோ காரணத்தை மட்டுமே சுட்டும். முன்னிலையில் உள்ளவரை நோக்கி, விரும்பத்தகாத நிகழ்வு குறித்து 'ஏன்' கேட்கப்படும்போது மூன்றாவது ஒரு பொருளும் சேர்ந்துவிடுகிறது, அது கண்டிப்பு. 'ஏன் லேட்டு?' என்னும் மேற்பார்வையாளர் பேருந்து நேரம் குறித்து அறிய விரும்புவதாக எவரும் கொள்வதில்லை. அதற்கு உரிய விடை காரணமன்று, தலைகுனிவே. வினாவின் வடிவில் வரும் கண்டனம் அது.

இக்கண்டிப்புப் பொருள் சொல்லிலேயே இயல்பாக உள்ளது என்று கூற முடியாது. கொங்குப் பேச்சுவழக்கில் 'ஏனுங்க' என்பது மரியாதையோடு ஒருவரை அழைக்கும் விளியாகவே வழங்குகிறது. ஆகவே வினாச்சொல்லுக்குக் கூர்மை தருவது, கேட்பவர்க்கும் கேட்கப்படுபவர்க்கும் இடையிலுள்ள உறவே. தொழிற்கூடத்தில் அவ்வுறவைக் குறிப்பாணை வாய்பாடு முன்னரே வரையறுத்துவிட்டது. ஆதலால் தாளின் முதற்கட்டத்தில் 'இயந்திரம் ஏன் நின்றது?' என்று இருப்பதைத் தொழிலாளி 'இயந்திரத்தை ஏன் நிறுத்தினாய்?' என்று படிக்கிறார்.

நின்றது, நிறுத்தினாய் என்னும் இவ்வேறுபாட்டின் இலக்கணத்தைத் தமிழ் மொழியியலார் ஆழமாக ஆராய்ந்துள்ளனர். உடைந்தது : உடைத்தான், தேய்ந்தது : தேய்த்தான், முறிந்தது : முறித்தான், கழன்றது : கழற்றினான் போன்ற இணைகளைச் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று பகுத்தால் போதாது என்பதைக் கு. பரமசிவம் 1979இல் முடித்த தம் ஆய்வில் நிறுவினார். எழுவாய் வினையின் விளைவைத் தான் ஏற்கிறதா, பிறிதொன்றின்மேல் செலுத்துகிறதா என்பதே அடிப்படை என்பது அவர் கொள்கை. இப்பகுப்பு தொழிற்கூடத்தில் பொறுப்பைப் பங்கிடும் கருவியாகவும் பயன்படுகிறது.

'பெல்ட் அறுந்துபோச்சு சார்' என்கிறார் தொழிலாளி. விரும்பத்தகாத மாற்றத்தைக் குறிக்கும் 'போ' என்னும் துணைவினை இங்கு இயல்பாக வந்து சேர்கிறது. துணைவினைகள் பேசுவோரின் மனநிலையையும் புலப்படுத்தும் என்பதை இ. அண்ணாமலை முதலியோர் விரிவாகக் காட்டியுள்ளனர். ஆனால் ஆங்கில அறிக்கை நடையில் பயின்ற மேலாளர்க்கு இத்தொடர் நழுவலாகத் தோன்றுகிறது. 'பெல்ட் தானாக அறுந்துவிடுமா? யார் அறுத்தது?' என்று அவர் கேட்கிறார். தன்வினையைப் பிறவினையாக்கும் இந்த ஒரு வினாவில் சங்கிலி அறுபடுகிறது. இனி விடை 'கவனக்குறைவு' என்பதாகவே இருக்க முடியும். தொழிலாளி கூறிய தன்வினைத் தொடரோ, ஓனோவின் முறை எதிர்பார்க்கும் முதல் விடையின் சரியான இலக்கண வடிவம். நழுவலாகக் கருதப்பட்டதே ஆய்வின் தொடக்கம்.

பெயர்ச்சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் பொருளின் குறையையும் மனிதரின் குற்றத்தையும் ஒரே சொல்லால் குறிக்க இயலும். தமிழிலோ பழுது பொருளுக்கு உரியது. தவறும் குற்றமும் மனிதர்க்கு உரியவை. பிழை இரண்டிற்கும் இடைப்பட்டது. 'பழுது அறிக்கை' என்று பெயர்க்க வேண்டிய படிவத்தைத் 'தவறு அறிக்கை' என்று பெயர்த்தால், அறிக்கை வாக்குமூலமாகிவிடுகிறது. தன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தொழிலாளியின் பேனா தயங்கும்.

7. அனுமதியும் உறுதிமொழியும்

வினாவில் கண்ட இச்சிக்கல் ஏவலிலும் தொடர்கிறது. டொயோட்டா முறையில் குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ உதவி கோரலாம். உரிய நேரத்திற்குள் குறை நீங்காவிடில் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். இந்த விதியைத் தமிழில் எவ்வாறு எழுதுவது? 'வரிசையை நிறுத்தலாம்' என்பது அனுமதி. ஆனால் '-லாம்' இயலும் என்னும் பொருளையும் உடையது. 'துணிவிருந்தால் நிறுத்திப் பார்' என்னும் குரலும் அதில் கேட்கக்கூடும். 'நிறுத்தவும்' என்பது அறிவிப்புப் பலகையின் முகமற்ற வேண்டுகோள். 'நிறுத்த வேண்டும்' என்பதே கடமையை உணர்த்துகிறது. நிறுத்தாமைதான் விதிமீறல் என்னும் நிலையை இவ்வடிவமே உருவாக்குகிறது. உற்பத்தி எண்ணிக்கை குறையுமே என்று அஞ்சும் தொழிலாளிக்கு அனுமதியைவிடக் கடமை பெரிய பாதுகாப்பு.

அடுத்து, தண்டனை இல்லை என்னும் உறுதிமொழி. 'நிறுத்தியதற்காக எவர்மீதும் நடவடிக்கை எடுக்கப்படாது' என்பது வழக்கமான மொழிபெயர்ப்பு. உறுதி கூறுபவர் யார் என்பது இதில் இல்லை. 'நடவடிக்கை எடுக்க மாட்டோம்' என்னும்போது நிலைமை மாறுகிறது. 'மாட்டு' என்னும் எதிர்மறைத் துணைவினை உயர்திணை எழுவாயின் விருப்பாற்றலை உணர்த்துவது. அதனால்தான் அது வாக்குறுதியாகிறது. செயப்பாட்டுவினை வாக்குக் கொடுப்பதில்லை.

தன்மைப் பன்மையும் கவனத்திற்குரியது. ஆங்கிலத்தில் ஒரே வடிவமாக உள்ளது தமிழில் 'நாம்' எனவும் 'நாங்கள்' எனவும் பிரிகிறது. சுற்றறிக்கைகளை மொழிபெயர்ப்போர் நெருக்கம் கருதி எங்கும் 'நாம்' என எழுதுவதைக் காண்கிறோம். 'நாம் பாதுகாப்பாகப் பணிபுரிவோம்' என்பது பொருத்தமே. ஆனால் 'ஊக்கத்தொகையைக் குறைக்க நாம் முடிவு செய்துள்ளோம்' என்னும்போது, தாம் எடுக்காத முடிவுக்குத் தொழிலாளர் உடந்தையாக்கப்படுகின்றனர். முடிவையும் வாக்குறுதியையும் கூறும் இடங்களில் 'நாங்கள்' என்பதே நேர்மையான வடிவம். மூல ஆசிரியர் தெரிவு செய்யாமலே கடந்துவிட்ட ஒன்றை மொழிபெயர்ப்பாளர் தெரிவு செய்தே ஆக வேண்டியிருக்கிறது. அத்தெரிவு நிறுவனத்தின் பண்பாடு குறித்த ஒரு கூற்றாகவும் அமைகிறது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் சில. தொழிற்கூடப் படிவங்களிலும் அறிவிப்புகளிலும் மொழிபெயர்க்கப்பட வேண்டியவை சொற்களின் பொருள் மட்டுமன்று. அச்சொற்களால் நிகழும் பேச்சுச்செயலும், அது யாருக்கு உரிமையாக்கப்படுகிறது என்பதுமாகும். காரணம் கேட்கும் படிவங்களில் 'எதனால்' என்னும் வினாவும், நிகழ்வைக் கூறத் தன்வினையும், பொருளின் குறைக்குப் 'பழுது' என்னும் சொல்லும் ஏற்றவை. உரிமைகளைக் கடமை வடிவிலும், வாக்குறுதிகளைச் செய்வினையிலும் எழுதுதல் நன்று. வரைவைப் பலகையில் ஒட்டும் முன் அதனைப் படிக்கப் போகும் தொழிலாளர் இருவர் மூவரிடம் உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் அதனை எவ்வாறு திரும்பச் சொல்கிறார்கள் என்று கேட்டல் எந்த அகராதியினும் சிறந்த சோதனை.

எனினும் மொழிபெயர்ப்பால் மட்டும் முடியாத எல்லை ஒன்று உண்டு. முன்னுரையில் குறிப்பிட்ட தாளில் 'ஏன்' என்பதனை 'எதனால்' என மாற்றி, மேற்பார்வையாளர் முன்னிலையில் தொழிலாளர் சிலர்க்குப் படித்துக் காட்டினேன். அவர்களுள் மூத்தவர் ஒருவர் தாளைக் கையில் வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஏனுங்க, உள்ளதை உள்ளபடி எழுதுனா மெமோ வராதுங்களே?' என்று கேட்டார். வினா என்னை நோக்கியது எனினும் விடை கூற வேண்டியவர் நானல்லேன். மேற்பார்வையாளர் உடனே விடை கூறவில்லை. அந்தச் சிறிது நேர மௌனத்தில் அந்நிறுவனத்தின் பண்பாடு முழுவதும் அடங்கியிருந்தது. பின்னர் அவர், 'வராது. அதையும் இதிலேயே அச்சடித்துவிடலாம்' என்றார். தாளின் அடியில் 'இதில் எழுதியதற்காக யார்மீதும் நடவடிக்கை எடுக்க மாட்டோம்' என்னும் வரியும், அதன்கீழ் மேலாளர் கையொப்பமிட ஓர் இடமும் சேர்க்கப்பட்டன.

மொழிபெயர்ப்பாளரின் பணி, விடை கூற வேண்டியவர் யார் என்பது மறையாதவாறு தொடரை அமைப்பது. அந்த இடத்தில் கையொப்பமிடுவது நிறுவனத்தின் பணி.